பால் ஊற்றினால் போதுமா? திருவல்லிக்கேணி சந்தில் ஒரு பூனைக் குடித்தனம்!

காலை எட்டே கால் மணி. பஸ்சைப் பிடிக்க ஓட்டமும் நடையுமாகப் போகிறீர்கள். குறுக்கே ஒரு கறுப்புப் பூனை! என்ன செய்வீர்கள்?

நின்றுவிடுவீர்கள். பின்னால் வருகிறவர் முதலில் போகட்டும் என்று செருப்பு வாரைச் சரி செய்வதுபோல் குனிவீர்கள். அவர் மட்டும் லேசுப்பட்டவரா? கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அவரும் நிற்பார்!

எங்கள் சந்தில் இந்த வேடிக்கை நடக்காது. பார்த்தசாரதி கோயிலுக்கும் ஜாம்பஜாருக்கும் நடுவில் இருக்கிற சந்து அது. பூனையைப் பார்த்து நின்றால் ஒருத்தரும் ஆபீஸ் போய்ச் சேர முடியாது. ஒரு காலத்தில் அங்கே பதினொரு பூனை. இப்போது நாலு.

பதினொன்று எப்படி நாலு ஆயிற்று? சாக்கில் கட்டிக்கொண்டு போய் விட்டார்களா? விஷம் வைத்தார்களா? இரண்டும் இல்லை.

சந்து முனை டீக்கடையில் "பூனைக்காரர் வீடு எது?" என்று கேட்டால் கை காட்டுவார்கள். அந்தப் பூனைக்காரர் வேறு யாருமல்ல, இதை எழுதுகிற நானேதான்! பெருமைக்குச் சொல்லவில்லை. இந்தப் பட்டம் கிடைப்பதற்கு முன்னால் நான் செய்த முட்டாள்தனத்துக்கு மூன்று குட்டிகள் உயிரை விட்டன. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை.

மீட்டர் பெட்டிக்கு அடியில்...

2015 டிசம்பர் 1. சென்னைக்காரர்களுக்கு அந்தத் தேதியை விளக்க வேண்டியதில்லை. அடையாறு பெருக்கெடுத்து ஊரில் பாதி தண்ணீரில் கிடந்தது. எங்கள் வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை, கரண்ட்தான் போய்விட்டது.

ராத்திரி மாடிப்படியில் "ஈ... ஈ..." என்று ஒரு சத்தம்.

"என்னங்க, மீட்டர் ஷார்ட் ஆகுது போலிருக்கு. போய்ப் பாருங்க" என்றாள் மனைவி.

"கரண்டே இல்லை. அப்புறம் என்ன ஷார்ட்?" என்றேன்.

டார்ச் அடித்துப் பார்த்தால் மீட்டர் பெட்டிக்கு அடியில், நனைந்த பஞ்சு உருண்டை மாதிரி ஒரு பூனைக்குட்டி. உள்ளங்கையில் அடங்கும். வெள்ளை, கறுப்பு, காவி மூன்று நிறமும் திட்டுத் திட்டாக. ‘மீட்டர்’ என்றே பெயர் வைத்தோம்.

எனக்குப் பூனை ஆகாது. ‘பூனை என்றால் பால் திருடன்’ என்று சொல்லியே வளர்த்தார்கள் வீட்டில். மழை விட்டதும் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். மழை விட்டது. பூனை என் லுங்கி மடிப்பில் தூங்கிக்கொண்டிருந்தது. ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்றேன். அந்த நாளை இன்னும் வரவில்லை!

மூன்று நிறப் பூனை என்றால் பெண் பூனைதான். ஆண் என்பது அபூர்வத்திலும் அபூர்வம். காவி நிறத்தைத் தருகிற மரபணு எக்ஸ் குரோமோசோமில் உட்கார்ந்திருக்கிறது. கறுப்பும் காவியும் ஒரே உடம்பில் வர வேண்டுமானால் இரண்டு எக்ஸ் வேண்டும். அது பெண்ணுக்குத்தானே இருக்கும்? இது எனக்குப் பின்னால் தெரிந்த விஷயம். அன்றைக்கு, ‘ஆம்பளைப் பிள்ளையாகத்தான் இருக்கும், என்னமா சாப்பிடுது பார்’ என்று பேசிக்கொண்டிருந்தேன்.

"பாலை நிறுத்துங்க சார்!"

பூனை என்றால் பால். நாமெல்லாம் படித்த பாடம் அது. வேளைக்கு ஒரு கிண்ணம் பால் ஊற்றினோம். குட்டியும் மீசை நனைய நனையக் குடித்தது. மூன்றாம் நாள் ஒரே பேதி. வீடே நாறிப் போயிற்று.

பக்கத்தில் இருந்த மிருக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "பால் ஊத்தினீங்களா?"

"ஆமாம் டாக்டர். பசும்பால்தான்."

"பாலை நிறுத்துங்க சார். பசும்பால் கன்னுக்குட்டிக்கு. வளர்ந்த பூனைங்க நெறைய பேருக்கு அந்தப் பால் சர்க்கரை செரிக்காது. மீனையோ கோழியையோ வேக வெச்சு, முள்ளு, எலும்பு எடுத்துட்டுப் போடுங்க. உப்பு, வெங்காயம் ஆகாது. இன்னொண்ணு. காய்ச்சல்னு நம்ம பாரசிட்டமால் மாத்திரையைக் கிள்ளிக் குடுத்துடாதீங்க. ஒரு மாத்திரையே உயிருக்கு உலை வெச்சிடும்."

மறுநாளிலிருந்து ஜாம்பஜாரில் எனக்குக் கணக்கு. சுத்த சைவ வீட்டுக்காரர்கள் நிறைந்த தெருவில், காலங்கார்த்தாலே காரப்பொடிப் பொட்டலத்தைக் கறுப்புப் பையில் மறைத்துக்கொண்டு போகிற ஆளாகிவிட்டேன். மண் தட்டு வேறு! பக்கத்து மனையில் வீடு கட்டக் கொட்டியிருந்த மணலை ராத்திரியில் ஒரு சட்டி அள்ளி வருவேன். மேஸ்திரி ஒருநாள் பிடித்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "அட, நீங்க வேற சார். உங்க பூனை இங்கேயே வந்துதான் போகுது" என்றார்.

நான் செய்த தப்பு

2016 கோடை. மீட்டருக்கு ஆறு மாதம். டாக்டர் சொல்லிவிட்டார்: "ஆபரேஷன் பண்ணிடுங்க. நாலு மாசத்துலயே சினைக்குத் தயாராகிற பூனை உண்டு. தள்ளிப் போடாதீங்க."

வீட்டில் பஞ்சாயத்து கூடியது. ஊரிலிருந்து வந்திருந்த மாமியார், "பாவம், ஒரு ஈத்தாவது ஈனட்டும் மாப்பிள்ளை. வாயில்லாத ஜீவனோட வயித்தெரிச்சலை ஏன் கொட்டிக்கறீங்க?" என்றார். எனக்கும் அது சரி என்று பட்டது. உண்மையைச் சொன்னால் ஆபரேஷன் செலவு கையைக் கடிக்கும் என்பதும் ஒரு காரணம். மாமியார் பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொண்டேன்.

ஒரு ஈத்து ஈன்றால்தான் பூனைக்கு நல்லது என்று நாம் சொல்கிறோமே, அதற்கு வைத்திய சாஸ்திரத்தில் ஆதாரமே இல்லையாம். அன்றைக்கு யார் கேட்டார்கள்?

பூனைக்குச் சினைக்காலம் ஒன்பது வாரம். கணக்குத் தப்பாமல் பீரோவுக்குள், மனைவியின் கல்யாணப் புடவைமேல், நாலு குட்டி!

அப்புறம் ஆரம்பித்தது ஊர்வலம். ‘பூனை குட்டி போட்டால் ஏழு வீடு மாற்றும்’ என்பார்கள். பீரோவிலிருந்து பரண். பரணிலிருந்து பின்கட்டு. அங்கிருந்து கீழே இறங்கி, வீட்டுக்காரம்மாவின் பூஜை அறை! ஒவ்வொரு குட்டியாகப் பிடரியைக் கவ்விக்கொண்டு மீட்டர் படியிறங்குவதை நானே பார்த்தேன். குட்டி காலைச் சுருட்டிக்கொண்டு துணி மாதிரி தொங்கும். ஒரு சத்தம் இருக்காது.

கோயில் பக்கம் குடியிருக்கும் மாமா ஒருத்தர் திண்ணையில் உட்கார்ந்து இதை ரசித்தார். "என்ன ஓய் பார்க்கிறீர்? இதுதான் மார்ஜார நியாயம். குரங்குக் குட்டி தானே தாயைக் கட்டிக்கணும், விட்டா விழுந்துடும். பூனைக்குட்டிக்கு அந்தக் கவலை இல்லை. தாய் தூக்கிண்டு போவா. பகவான் நம்மைக் காப்பாத்தறதும் அப்படித்தான்னு தென்கலையார் சித்தாந்தம். வடகலையாருக்குக் குரங்கு. உங்க ஆத்துப் பூனை தென்கலை ஓய்!" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இரண்டு மாதம்தான்.

நாலே நாளில் மூன்று!

குட்டிகளுக்கு இரண்டு மாதம் ஆன சமயம். ஒன்று சாப்பிடவில்லை. தண்ணீர்க் கிண்ணத்துக்கு முன்னால் தலையைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருந்தது. குடிக்கவும் இல்லை. அப்புறம் மஞ்சளாக வாந்தி. சூடு என்று நினைத்தோம். விளக்கெண்ணெய் தடவினோம். மறுநாள் காலை விறைத்துக் கிடந்தது.

அதற்குள் இன்னும் இரண்டுக்கு வாந்தி. சட்டை வாங்கிய அட்டைப் பெட்டியில் மூன்றையும் போட்டுக்கொண்டு ஆட்டோவில் வேப்பேரிக்குப் பறந்தோம். 1903-ல் ஆரம்பித்த மிருக வைத்தியக் கல்லூரி. பந்தயக் குதிரையும் வரும், பால் மாடும் வரும், எங்கள் அட்டைப் பெட்டியும் வரும். பேதமில்லை.

டாக்டரம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "ஊசி போட்டீங்களா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பேன்லூக்கோபீனியா" என்றார். பூனைகளுக்கு வருகிற பார்வோ வைரஸ். மனிதனுக்கு ஒட்டாது. குட்டிகளுக்கு வந்தால் குடலை அரித்து, வெள்ளை அணுக்களைக் காலி செய்துவிடும். அந்தக் கிருமி வீட்டுத் தரையில், துணியில், நம் செருப்பில்கூட மாதக்கணக்கில் உயிரோடு இருக்குமாம். பினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் போட வேண்டும். இத்தனைக்கும் ஆறு முதல் எட்டு வாரத்திலேயே தடுப்பூசியை ஆரம்பித்திருந்தால் தடுத்திருக்கலாம்.

குளுகோஸ் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் ஒன்று, நாலாம் நாள் ஒன்று போயிற்று. கறுப்புக் குட்டி மட்டும் எப்படியோ பிழைத்தது. மனைவி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. புடவைப் பீரோவைத் திறந்துவைத்து, மீட்டர் குட்டிகளைத் தேடித் தேடிக் கத்தியது. மூன்று ராத்திரி. மாமியாரை யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எனக்கு வாயும் இல்லை.

இதைவிடக் கொடுமை என்ன தெரியுமா? சில வாரத்துக்குள் மீட்டர் மறுபடி ஜோடிக்குக் கத்த ஆரம்பித்துவிட்டது! பூனை வருஷம் காத்திருக்காது. பால் கொடுத்துக்கொண்டே அடுத்த சினை பிடிக்கக்கூடிய ஜாதி அது. இந்தத் தடவை யாரிடமும் யோசனை கேட்கவில்லை. பண்டிகைச் சீட்டை உடைத்து ஆபரேஷனுக்குக் கட்டினேன்.

அண்ணாச்சியும் கறுப்பனும்

பிழைத்த கறுப்புக் குட்டியை யார் வாங்குவார்கள்? சந்து முனை மளிகைக் கடை அண்ணாச்சிக்கு எலித் தொல்லை. பருப்பு மூட்டையைக் கடித்துக் குதறுகிறது. ஆனால் பூனையின் நிறத்தைப் பார்த்ததும் பின்வாங்கினார். "காலையில கடை தொறக்கையில இது குறுக்க வந்தா போணி ஆகுமா சார்?"

"ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். போணி ஆகவில்லை என்றால் திருப்பி எடுத்துக்கொள்கிறேன்" என்றேன்.

எலி ஓடிவிட்டது. அதற்கு எலியை அடிக்கக்கூட வேண்டாம். பூனை வாடையே போதும். கறுப்பன் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டான். அண்ணாச்சி எலி மருந்து வைப்பதையும் நிறுத்தினார். மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் ஆபத்து என்று எடுத்துச் சொன்னது நான்தான்.

அண்ணாச்சி பழக்கமானதும் எனக்குத் துணிச்சல் வந்தது. சந்தில் இருந்த மற்ற பூனைகளையும் ஒவ்வொன்றாக ஆபரேஷனுக்குக் கொண்டுபோனால் என்ன? அண்ணாச்சி கொஞ்சம், டீக்கடை கொஞ்சம், தையல்காரர் கொஞ்சம், மீதி நான். கூண்டு இரவல். கூண்டுக்குள் வேக வைத்த மத்தி. முதல் வாரம் பூனைகள் கூண்டைச் சுற்றி உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன! அப்புறம் ஒன்றொன்றாக மாட்டின. ஆபரேஷன் ஆனதற்கு அடையாளமாகக் காது நுனியைத் துளி நறுக்கி அனுப்புவார்கள். அது இல்லையென்றால் அதே பூனையை மறுபடி பிடித்துக்கொண்டு போய் அசடு வழிய வேண்டியதுதான்.

2017-ல் ஆரம்பித்து, எல்லாவற்றையும் முடிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. ஆட்டோ டிரைவர் ஒருத்தர், "சவாரிக்கு வேணாம் சார், டீசலுக்குக் குடுங்க" என்பார். இன்னொருத்தர் கூண்டைப் பார்த்ததும் ஆக்சிலேட்டரை முறுக்கிக்கொண்டு போய்விடுவார். இரண்டும்தான் மெட்ராஸ்.

பத்து ரூபாய் அபராதம்!

வீட்டுக்காரம்மா கதையைச் சொல்லாமல் விட்டால் கோபித்துக்கொள்வார். பூஜை அறையில் குட்டி இறக்கிய நாளிலிருந்து அவருக்கு எங்கள்மேல் காய்ச்சல்.

"சார், பூனையா, வீடா? ஒண்ணை முடிவு பண்ணுங்க. சாக்குல கட்டிக் கடற்கரையில விட ஆள் சொல்லி இருக்கேன்" என்றார்.

சட்டத்தை எடுத்துப் போட்டேன். மிருகவதைத் தடுப்புச் சட்டம், 1960. நம்ம கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேல் ராஜ்யசபையில் இருந்தபோது கொண்டுவந்த தனி மசோதாதான் இதற்கு வித்து. 1962-ல் மிருக நல வாரியம் அமைத்தபோது முதல் தலைவரும் அவர்தான். வளர்க்கிற பிராணியைக் காரணமில்லாமல், பட்டினி கிடக்கும்படி கைவிடுவது அந்தச் சட்டப்படி குற்றம்.

"குற்றம்னா? என்ன தண்டனை?" என்றார் வீட்டுக்காரம்மா.

எனக்குத் தொண்டையில் அடைத்தது. முதல் தடவைக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய்!

அம்மா உள்ளே போய்ப் பர்சோடு வந்தார். "இந்தாங்க இருபது ரூபா. ரெண்டு பூனைக்கு!"

1960-ல் பத்து ரூபாய் பெரிய தொகைதான். கொன்றாலோ, விஷம் வைத்தாலோ, ஊனப்படுத்தினாலோ அது வேறு கணக்கு. புதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் ஐந்து வருஷம் வரை ஜெயில் உண்டு. ஆனால் சாக்கில் கட்டிக் கண்காணாத இடத்தில் விட்டு வருகிறவனுக்கு இன்னும் அதே பழைய ரேட்!

வீட்டுக்காரம்மாவை மாற்றியது சட்டம் இல்லை. ஆண் பூனைகளுக்கு ஆபரேஷன் ஆனதும் ராத்திரிச் சண்டை அடங்கிற்று. மாடிப்படியில் மூத்திர வாடை போயிற்று. "இப்பல்லாம் தூக்கம் வருது சார்" என்று அவரே சொன்னார்.

அவர் மருமகள் கர்ப்பமானபோது மறுபடி ஒரு சிக்கல். ‘பூனை இருக்கிற வீட்டில் கர்ப்பிணி இருக்கக் கூடாது’ என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். மருமகளின் டாக்டரே விளக்கம் சொன்னார்: பூனை மலத்திலிருந்து தொற்றுகிற கிருமி உண்டு; ஆனால் அது வீரியம் பெற ஒரு நாளாவது ஆகும். தினமும் மண் தட்டைச் சுத்தம் செய்தால் போதும், அதையும் கர்ப்பிணி செய்யாமல் வேறு ஆள் செய்ய வேண்டும். சரியாக வேகாத கறியிலும் கழுவாத கீரையிலும் இதே ஆபத்து உண்டு என்றாராம். தட்டு அள்ளுகிற வேலை அன்றும் இன்றும் என்னுடையதுதான்.

கொரோனாவில் ஒரு ‘கைதி’

2020 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்தில் ஒரு கன்டெய்னரைத் திறந்தார்கள். சீனாவிலிருந்து வந்த சரக்கு. உள்ளே உயிரோடு ஒரு பூனை! கொரோனா பீதி கிளம்பிய நேரம். ‘சீனாவுக்கே திருப்பி அனுப்பு’ என்று அதிகாரிகள் முடிவெடுத்தார்கள். பீட்டா அமைப்பு குறுக்கே விழுந்தது. அத்தனை நாள் சோறு தண்ணீர் இல்லாமல் ஒரு பூனை பிழைக்குமா, வழியில் எந்தத் துறைமுகத்தில் ஏறியதோ, நம் ஊர்ப் பூனையாகவே இருக்கலாமே என்று வாதாடியது. வாரக்கணக்கில் காவலில் இருந்த பிறகுதான் அதற்கு விடுதலை.

டீக்கடையில் அன்றைக்கு அதே பேச்சு. "பாஸ்போர்ட் இல்லாம வந்தது தப்புத்தானே சார்" என்றார் டீ மாஸ்டர்.

மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தது. டீக்கடை மூடல். மீன் மார்க்கெட் மூடல். சாப்பாட்டுக் கடைக் குப்பையை நம்பி இருந்த பூனைகள் என்ன ஆகும்? அண்ணாச்சி அரிசி கொடுத்தார். மனைவி கருவாட்டைக் கழுவிக் கழுவி உப்பை எடுத்து வேக வைத்தாள். தூக்குச் சட்டியோடு கிளம்பினேன். முனையில் போலீஸ்காரர் லத்தியை நீட்டினார்.

"எங்கே போறே?"

"பூனைக்குச் சாப்பாடு சார்."

பத்து வருஷ சர்வீசில் இப்படி ஒரு பதிலைக் கேட்டதில்லை என்று அவர் முகம் சொன்னது. சட்டியைத் திறந்து பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு, "சீக்கிரம் போட்டுட்டு வா" என்றார். நாலாம் நாள், "இன்னைக்கு என்ன, லேட்டு? ரெண்டு பேரு அங்கே வந்து உக்காந்திருக்கு" என்று அவரே சொன்னார்.

இப்போது நாலு பேர்

பதினொன்றில் சில கிழப் பருவம் எய்திப் போயின. ஒன்று லாரியில் மாட்டியது. இரண்டை நல்ல வீட்டில் கொடுத்தோம். மிச்சம் நாலு. புதிதாகக் குட்டி இல்லை. எப்போதாவது ஒரு புதுமுகம் சந்துக்குள் வந்தால் அண்ணாச்சி போன் செய்வார்: "சார், காது முழுசா இருக்கு. கூண்டைக் கொண்டாங்க!"

மீட்டருக்கு வயதாகிவிட்டது. முன்போல் தாவ முடியவில்லை. ஆனாலும் பிறந்த வீட்டுப் பாசம் போலிருக்கிறது. பகல் பூரா அந்த மீட்டர் பெட்டி மேல்தான் படுக்கை. ஏறுவதற்குத் தோதாக அடியில் யாரோ ஒரு பழைய முக்காலியைப் போட்டு வைத்திருக்கிறார்கள். நான் போடவில்லை. மனைவியும் போடவில்லை. அந்த முக்காலி வீட்டுக்காரம்மாவின் பூஜை அறையில் இருந்தது.

போன மாதம் மின்வாரியத்து ஆள் கணக்கெடுக்க வந்தார். கீழே நின்று குரல் கொடுத்தார்.

"பூனைக்கார சார்! ரீடிங் எடுக்கணும். உங்க மீட்டரைக் கொஞ்சம் தூக்குங்க!"